மாதிரி மறுமொழி

மார்ச் 3, செவ்வாய்

இன்று எங்கள் வலைப்பூத் தளத்தில் ஒரு பொத்தானின் பெயரை மாற்றினேன். "வெளியிடு" என்று இருந்தது, இனி "பகிர்". இப்போதெல்லாம் யாரும் எதையும் வெளியிடுவதில்லையாம், எல்லோரும் பகிர்கிறார்களாம். அத்தான் சொன்னார், சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். எழுதுவதற்கே ஆள் இல்லாத இடத்தில் பொத்தானுக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அக்கா புருஷன், முதலாளி வேறு. இரண்டு பேரை ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

மதியத்துக்கு மேல் வேலை இல்லை. கீழே ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் ஓடினால் எங்கள் அலுவலக மாடித் தரை லேசாக அதிரும். இன்று அதுவும் அதிரவில்லை. எட்டிப் பார்த்தேன். கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 5, வியாழன்

அத்தான் மொட்டைமாடிக்குப் போய் போன் பேசுகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி பேசுகிற மனிதர். என்னவோ இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

அத்தான் தளத்தை விற்கப் போகிறார்.

அக்காதான் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே. "உன்கிட்ட சொல்லச் சொன்னார்டி. நேர்ல சொல்ல அவருக்கு ஒரு மாதிரியா இருக்காம்." ஒரு மாதிரியா இருக்காமே! பகல் முழுக்கப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு, நாற்காலியைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல ஒரு மாதிரியா இருக்காம்.

வயிறு எரிகிறது. எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

நாங்கள் தொடங்கியபோது வலைப்பூ என்றால் என்ன பூ என்று கேட்டார்கள். அத்தான் நிரல் எழுதினார், நான் தமிழ் எழுதினேன். எல்லாப் பொத்தானும், எல்லாப் பிழைச்செய்தியும், "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்ற கேள்வியும் என்னுடையது. உதவி கேட்டு வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டதும் நான்தான். அப்புறம் ஒரு நல்ல காலம் வந்தது. வங்கி ஊழியர், பல் மருத்துவர், கப்பலில் வேலை பார்ப்பவர், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிற பெண் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எழுதியதைவிட அதிகமாகச் சண்டை போட்டார்கள். வாசகர் கருத்தைச் சொல்ல "பின்னூட்டம்" சரியா, "மறுமொழி" சரியா என்று ஒரு பெரிய ரகளையே நடந்தது. நான் மறுமொழிக் கட்சி. ஜெயித்தேன். பதிவர் சந்திப்புக்குப் போனால் அத்தானைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். என்னைக் காட்டி "சாரோட மச்சினி" என்பார்கள்.

பிறகு கூட்டம் கலைந்தது. எல்லோரும் சமூக வலைத்தளத்துக்குப் போனார்கள், அங்கே நான்கு வரி எழுதினால் போதும். அத்தான் உடனே ஓர் இதயப் பொத்தான் வைத்தார். வீடியோ வந்தது, வீடியோ ஏற்ற வழி செய்தார். பதிவை மின்னஞ்சலில் அனுப்புகிற மின்மடல் வந்தது, அதையும் வைத்தார். பஸ் புறப்பட்டுப் போன பிறகுதான் நிறுத்தத்துக்கு ஓடுவார் மனிதர். ஒவ்வொரு தடவையும் நான் உட்கார்ந்து புதிதாகத் தமிழ் எழுதிக் கொடுத்தேன்.

சொந்தமாக ஒரு வரி நான் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று ஆசை இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று அடுத்தவர்கள் எழுத இடம் துடைத்து வைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். என் பெயரில் என்னைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பொத்தான்கள்தான் எனக்கு மிச்சம். இப்போது அதையும் தூக்கி யாரிடமோ கொடுக்கப் போகிறார். என்னைக் கேட்டாரா? கேட்க நான் யார், சாரோட மச்சினி.

மார்ச் 12, வியாழன்

வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மூச்சுக்கு முந்நூறு தடவை "வளர்ச்சி" என்கிறார். "உங்க தளத்துல வளர்ச்சி நின்னுடுச்சு மேடம். வளர்ச்சி இல்லாத இடத்துல யாரும் இருக்க மாட்டாங்க." பெயர் வைத்துவிட்டேன், வளர்ச்சி அம்மா. அத்தானிடம் சொன்னேன், சிரித்தார். பல நாள் கழித்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். உடனே கோபம் ஞாபகம் வந்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். எந்த வலைப்பூவில் இன்னும் உயிருள்ள ஆள் எழுதுகிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அத்தானின் நிரலால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பாதி வலைப்பூக்களில் விளம்பரக் குப்பையை இயந்திரங்களே பதிவாகப் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆள் எது, இயந்திரம் எது என்று கண்ணால் படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

பிரேதப் பரிசோதனைக்கும் வீட்டுப் பெண்ணையே கூப்பிடுகிறார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று நான் சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்திருப்பார்.

புதிதாக வலைப்பூ திறக்கிறவர்களுக்கு வெறும் பக்கத்தைக் கொடுத்தால் பயந்துவிடுவார்கள் என்று அத்தான் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதனால் ஒரு மாதிரிப் பதிவு எழுதினேன். "வணக்கம். இது உங்கள் முதல் பதிவு. இதை அழித்துவிட்டு உங்கள் கதையை எழுதுங்கள்." பதிவுக்குக் கீழே மறுமொழி எப்படித் தெரியும் என்று காட்ட ஒரு மாதிரி மறுமொழியும் வைத்தேன். "நன்றாக எழுதுகிறீர்கள். தொடர்ந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன். — உங்கள் வாசகி." யார் வலைப்பூ திறந்தாலும் இந்த இரண்டும் தானாகவே அங்கே இருக்கும். அநேகம் பேர் அழித்துவிடுவார்கள். ஒன்றுமே எழுதாமல் போனவர்களின் பக்கங்களில் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன.

இன்று "இடக்கண் வலக்கண்" என்று ஒரு வலைப்பூ கண்ணில் பட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஒருவர் ஞாயிறுதோறும் எழுதுகிறார். நிச்சயம் ஆள்தான், எந்த இயந்திரமும் இவ்வளவு எழுத்துப்பிழை விடாது. எப்போது தொடங்கினார் என்று பார்க்க அடிவரை போனேன். மாதிரிப் பதிவு அழிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. வாசகியும் இருக்கிறாள். அவளுக்கு அவர் பதில் போட்டிருக்கிறார்!

"மிக்க நன்றி அம்மா. நான் இன்னும் ஒன்றுமே எழுதவில்லை, அதற்குள் பாராட்டிவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு கட்டாயம் எழுதுகிறேன்."

அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "வாத்தியாரம்மா, உனக்கும் ஒரு ரசிகர் வந்துட்டார் போ!" தமிழைத் திருத்திக்கொண்டே இருப்பதால் நான் அவருக்கு வாத்தியாரம்மா.

மார்ச் 18, புதன்

இன்று சிரிப்பு வரவில்லை.

மற்ற வலைப்பூக்களை ஒதுக்கிவிட்டு அவரையே படித்தேன். எல்லாப் பதிவும் "வாசகி அம்மாவுக்கு" என்று தொடங்குகிறது. அவளைத் தவிர வேறு யாரும் அங்கே ஒரு சொல் சொன்னதில்லை. அவள் சொன்னதும் அந்த ஒரு தடவைதான். அவர் விடாமல் எழுதியிருக்கிறார், மழையிலும், கடை இடம் மாறியபோதும், கையில் கட்டுப் போட்டிருந்தபோதும்.

அதிலும் நன்றாக எழுதுகிறார், பாவி மனிதர். பவர் அதிகம் உள்ளவர்கள் புது ஃபிரேமைப் போட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தால் அவர்கள் முகம் அவர்களுக்கே தெரியாதாம், ஃபிரேமில் இன்னும் லென்ஸ் இல்லையே. கூட வந்தவர் சொல்வதை நம்பித்தான் வாங்க வேண்டுமாம். "தனியாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும் வாசகி அம்மா. நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லி ஒரு ஃபிரேம்கூட நான் விற்றதில்லை" என்று எழுதியிருக்கிறார்.

மனைவி கேட்கிறாராம், யாருக்கு உட்கார்ந்து எழுதுறீங்க என்று. "எனக்கு ஒரு வாசகி இருக்காங்க" என்றாராம்.

நான் என்ன செய்ய?

மார்ச் 22, ஞாயிறு

அவர் இன்று எழுதினார். எப்போதும் ஒரே மாதிரி ஃபிரேமையே வாங்கி, எப்போதும் அதன் மேலேயே உட்கார்ந்து உடைத்துக்கொள்ளும் ஒரு வக்கீலைப் பற்றி. நான் "உங்கள் வாசகி" என்ற பெயரிலேயே மறுமொழி போட்டேன்.

எவ்வளவு நேரம் யோசித்து எழுதினேன்! வக்கீல் எழுந்திருக்கும் இடம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்றும், தனியாக வருகிறவர்களைப் பற்றிய பதிவை நான் மறக்கவே மாட்டேன் என்றும் எழுதினேன். கடைசியில் கை சும்மா இருக்கவில்லை. "ஒரே ஒரு திருத்தம்: முன்பு ஒரு பதிவில் இதே வக்கீலின் ஃபிரேம் பழுப்பு என்று எழுதியிருந்தீர்கள், இதில் கறுப்பு என்று வருகிறது" என்று சேர்த்தேன்.

என் வாழ்க்கையில் நான் மனசார எழுதிய முதல் மறுமொழி. அனுப்பிவிட்டு நாலு தடவை திரும்பத் திறந்து பார்த்தேன், வயசுப் பெண் மாதிரி. வெட்கமாக இருந்தது.

மார்ச் 23, திங்கள்

பதில் வந்திருக்கிறது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நீங்கள் யார் என்று தெரியவில்லை. ஆனால் என் வாசகி இல்லை. அவர் இப்படியெல்லாம் நீட்டி முழக்க மாட்டார், குற்றம் கண்டுபிடிக்கவும் மாட்டார். ஒரு நல்ல மனுஷியின் பெயரைத் திருடிக்கொண்டு வராதீர்கள்."

மறுபடி எழுதப் போனேன். தடை செய்துவிட்டார். திரையில் வந்தது: "உங்கள் மறுமொழி ஏற்கப்படவில்லை. வருந்துகிறோம்."

அந்த "வருந்துகிறோம்" நான் போட்டது. வெறுமனே "ஏற்கப்படவில்லை" என்று நின்றால் மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்கும் என்று அத்தானோடு வாதாடிப் போட்டேன். இருந்தாலும் மூஞ்சியில் அடித்த மாதிரிதான் இருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

அத்தானோடு சண்டை.

கண்ணாடிக்கடைக்காரரின் பதிவு ஒவ்வொன்றுக்கும் கீழே "பார்வைகள்" என்று ஓர் எண் வருகிறது. நல்ல எண்தான். சரி, யாரோ படிக்கிறார்கள், வாய் திறப்பதில்லை என்று நினைத்திருந்தேன். அத்தானிடம் கேட்டேன். "அதெல்லாம் ஆள் இல்ல. தேடுபொறி அனுப்புற ரோபோ வந்துட்டுப் போகும்."

"அதைக் கழிச்சிட்டுத்தானே காட்டணும்?"

"கழிச்சா பூஜ்யம்தான் நிக்கும். பூஜ்யத்தைப் பாத்துட்டு எவன் எழுதுவான்?"

"இது ஏமாத்து வேலை இல்லையா அத்தான்? இத்தனை வருஷமா?"

நாற்காலியைத் திருப்பினார். விற்கிற விஷயத்தைச் சொல்லத் திரும்பாத நாற்காலி, இதற்குத் திரும்பியது. "அப்ப உங்கள் வாசகின்னு கையெழுத்துப் போட்டது யாரு? நானா?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாதிரி வேறு, பொய் வேறு. கடையில் பொம்மைக்குச் சட்டை மாட்டி நிறுத்தினால் யாரும் பொம்மையோடு பேச்சுக் கொடுப்பதில்லையே? இது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தோன்றியது. எனக்குப் பதில் எப்போதும் வீட்டு வாசலில்தான் தோன்றும்.

ஏப்ரல் 4, சனி

அவருடைய கடைக்குப் போனேன்.

முகவரி வலைப்பூவின் ஓரத்திலேயே இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், தளத்தை விற்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும், எழுதியதையெல்லாம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டு போனேன்.

ஒல்லியான மனிதர். உயரம் அதிகம், கதவில் குனிந்து நுழைகிறார். கண் பரிசோதிக்க வந்ததாகச் சொன்னேன். உட்கார வைத்து அந்தக் கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டிவிட்டார். பேசிக்கொண்டே லென்ஸ் மாற்றினார். "இதுவா, இதுவா? எது தெளிவு? அவசரம் இல்லம்மா, மெதுவா சொல்லுங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"எழுத்துத் திருத்துற வேலை."

"அட! நானும் எழுதறேன்மா. கம்ப்யூட்டர்ல."

"யார் படிக்கிறாங்க?"

"ஒருத்தங்க. முதல் நாள்லேர்ந்து. ரிட்டயர் ஆன டீச்சரா இருக்கும்னு நெனைக்கறேன். அதிகம் பேச மாட்டாங்க, பெரிய மனசு. நடுவுல யாரோ ஒரு பொம்பளை அவங்க பேர்ல வந்து என்னமோ கலர் தப்புன்னு வம்பிழுத்தா. வெரட்டிட்டேன்."

நான் அந்த ஃபிரேமுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணுக்கு மட்டும்தான் லென்ஸ் போட்டிருந்தார், மற்றதை மூடி வைத்திருந்தார். "எழுதினதை எல்லாம் பிரதி எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"எதுக்கும்மா? அவங்கதான் படிச்சிட்டாங்களே."

சொல்லியிருக்க வேண்டும். உங்க வாசகி ஒரு மாதிரிங்க, எல்லாருக்கும் இலவசமா வர்றவ, அவளை எழுதினது நான், அந்த வம்புக்காரியும் நான்தான்னு சொல்லியிருக்கணும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "லென்ஸ் கூசுதா?" என்று கேட்டு, சட்டென்று கழற்றி, துடைக்கத் துணி கொடுத்தார்.

ஃபிரேமும் அவரே எடுத்துக் கொடுத்தார், தனியாகத்தானே போயிருந்தேன். "இது உங்களுக்கு நல்லா இல்லம்மா" என்று இரண்டை ஒதுக்கிவிட்டு மூன்றாவதைத் தந்தார். எழுதியிருந்தபடியே நடந்துகொள்கிற மனிதர்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எனக்குப் பொறாமை. வேறு பெண்ணின் மேல் என்றால் பரவாயில்லை. நானே எழுதிய இரண்டு வாக்கியத்தின் மேல்.

ஏப்ரல் 20, திங்கள்

வளர்ச்சி அம்மா மறுபடி வந்தார். என்னை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். அத்தான் வெளியே நின்று கைக்குட்டையால் தன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் மேஜை துடைத்து நான் பார்த்ததே இல்லை.

"எழுதறவங்க ஏன் நிறுத்தறாங்க மேடம்? யாரும் பதில் சொல்லாததால. பதிவு போட்ட ஒரு நிமிஷத்துல ஒருத்தர் பாராட்டினா நிறுத்துவாங்களா? சார் அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் கதையைச் சொன்னார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. உங்க வாசகியை நாம வளர்க்கணும். நீங்க மாதிரிக்குக் கொஞ்சம் எழுதிக் குடுங்க, மிச்சத்தை மெஷின் பாத்துக்கும்."

எல்லோருக்கும் ஒரு வாசகி. இந்த முறை காட்டுவதற்காக ஒரு மாதிரி இல்லை. பதிவைப் படித்து, பதிவுக்குத் தக்கபடி, ஒவ்வொரு தடவையும் பேசுகிறவள். ஆள் என்று அவள் சொல்ல மாட்டாள், ஆள் இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

"உங்களுக்கு வேலை நிரந்தரம் மேடம்" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். குரல் கிறீச்சிட்டது. பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அக்கா வந்து சத்தம் போட்டாள். "இந்த வயசுல வேலையை விட்டுட்டு என்னடி பண்ணப்போற? ரெண்டு நல்ல வார்த்தை எழுதச் சொன்னா அது பெரிய பாவமா? எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு நீ சொல்றதில்லையா? அது என்ன, சத்தியமா?"

"அது வேற அக்கா."

"எது வேற?"

எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை. ஆனால் வேறுதான்.

ஏப்ரல் 30, வியாழன்

கடைசி நாள். அத்தான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் அலமாரியைக் காலி செய்தேன். ரொம்ப நேரம் கழித்து, சுருட்டுவதை நிறுத்தாமலே கேட்டார். "தளத்துல 'எங்களைப் பற்றி'ங்கிற பக்கத்துல உன் பேர் இல்லையே, ஏன்?"

அந்தப் பக்கத்தையும் நான்தான் எழுதினேன். என் பெயரை நானே போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. யாராவது "உன் பேரையும் போடு" என்று சொல்வார்கள் என்று விட்டு வைத்தேன். இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

"இப்ப போட்டுடட்டுமா?" என்றார்.

"விடுங்க அத்தான். நாளைக்கு அவங்க எடுத்துடுவாங்க."

தலையை ஆட்டினார். கிழவராகிவிட்டார் என்று இன்றுதான் கவனித்தேன். கோபம் குறையவில்லை, ஆனால் பிடித்துக்கொள்ள இடம் இல்லாமல் நிற்கிறது.

மே 17, ஞாயிறு

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களுக்குத் தமிழ் பார்க்கிறேன், வீட்டிலிருந்தே. "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." இதையும் எல்லோரும் படிப்பார்கள். இல்லை, இதை யாரும் படிக்க மாட்டார்கள்.

புதுக் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 7, ஞாயிறு

பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன்.

தளம் புது நிறத்தில் இருக்கிறது. பழைய வலைப்பூக்களையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கடைக்காரரின் போன வாரப் பதிவு முழுக்கக் கொண்டாட்டம். "வாசகி அம்மா மறுபடி பேசினார்! இத்தனை வருஷம் மௌனமாக இருந்தவர் இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் பேசுகிறார். உடம்பு சரியில்லாமல் இருந்திருக்க வேண்டும். என் மனைவியிடம் காட்டினேன், இரண்டு தடவை படித்தாள்."

இன்றைய பதிவு என்னைப் பற்றி.

"வாசகி அம்மாவுக்கு. கொஞ்ச நாள் முன்பு ஒரு பெண்மணி தனியாக வந்தார். எழுத்துத் திருத்துகிற வேலையாம். சோதனை ஃபிரேமைப் போட்டுக்கொண்டே அழுதார். லென்ஸ் கூசியதால் இல்லை என்று எனக்குத் தெரியும். காரணம் கேட்கவில்லை. அவருக்கு நல்ல ஃபிரேமாக எடுத்துக் கொடுத்தேன், அதுதான் என்னால் முடிந்தது."

அதற்குக் கீழே உங்கள் வாசகி: "மனதைத் தொட்டுவிட்டீர்கள். பாவம் அந்தப் பெண்மணி. அவருக்கும் பேச ஒரு துணை கிடைக்கட்டும். நன்றாக எழுதுகிறீர்கள். தொடர்ந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்."

திரையை அணைத்துவிட்டு முகம் கழுவினேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். பாவமாமே! யாரைப் பார்த்து யார் பாவம் என்கிறது?

ஜூன் 9, செவ்வாய்

அத்தானுக்குப் போன் போட்டேன். நான்தான் எழுதிக் கொடுக்கவில்லையே, அவள் எப்படி என்னை மாதிரியே பேசுகிறாள் என்று கேட்டேன்.

"உதவி கேட்டு வந்த லெட்டருக்கெல்லாம் நீ பதில் போட்டியே... அது அத்தனையும் தளத்தோடதானே போச்சு. அதைப் படிச்சுக் கத்துக்கிச்சாம்."

கடவுச்சொல் தொலைத்தவருக்கும், பதிவை அழித்துவிட்டு அழுதவருக்கும், கணவன் இறந்த பிறகு வலைப்பூவை எப்படி மூடுவது என்று கேட்டவளுக்கும் நான் உட்கார்ந்து எழுதிய பதில்கள். பொறுமையாக, ஒரு சுடுசொல் இல்லாமல். அக்காவிடம்கூட நான் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

அப்போ அவ நான்தான். என்னில் நல்லதை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, மிச்சம் இருக்கறது இங்க உக்காந்து எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

ஜூன் 28, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த பழத்தை இரண்டு பேரும் உரித்துத் தின்றோம்.

ஜூலை 12, ஞாயிறு

வீடு சத்தமில்லாமல் இருந்தது. மருந்துத் தாள்கள் நேற்றே முடிந்துவிட்டன. என்ன நினைத்தேனோ, தளத்துக்குப் போய் என் பெயரில் ஒரு வலைப்பூ திறந்தேன். முதல் தடவை. மாதிரிப் பதிவு வந்து நின்றது, என் வரிகளைக்கூட மாற்றவில்லை. "இதை அழித்துவிட்டு உங்கள் கதையை எழுதுங்கள்." அழித்தேன்.

பழைய அலுவலகத்துக்குக் கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும்போது மாடித் தரை அதிர்வதைப் பற்றி எழுதினேன். தேநீர்க் கோப்பையில் வட்டம் வட்டமாக அலை வரும், அதைப் பார்த்தே கடையில் வேலை நிறையவா குறைவா என்று சொல்லிவிடுவேன், அதைத்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வாக்கியம் வாக்கியமாகத் திருத்தி, சத்தமாகப் படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளியை எடுத்து, திரும்ப வைத்து, அப்புறம்தான் "பகிர்" என்ற பொத்தானை அமுக்கினேன்.

எழுந்து போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

வந்தது. "அந்தக் கோப்பையில் வரும் அலையை நானும் பார்த்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். தொடர்ந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன். — உங்கள் வாசகி."

யார் எழுதியது, எங்கிருந்து எடுத்தது, எப்படிச் செய்தது, எல்லாம் தெரியும். இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

"மிக்க நன்றி அம்மா" என்று தட்டி அனுப்பினேன். பிறகு அடுத்த ஞாயிறு எதைப் பற்றி எழுதலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.